எலிசா கால்டுவெல் அம்மையாரும் ரேந்தைக் கலையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

கால்டுவெல் என்ற பெயரை அறியாத தமிழ் மாணவர் எவரும் இலர். 1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, தமிழ் வடமொழியின் கிளையன்று, அது தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று உலகறியச் செய்தவர் அவர். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. நம் தூத்துக்குடியிலும் அவர் பெயர் தாங்கிய பள்ளி உண்டு. ஆனால் அவருடன் நாற்பத்தேழு ஆண்டுகள் இல்லறம் நடத்திய அம்மையாரின் பெயர் என்ன என்று வினவினால், நம்முள் எத்தனை பேர் விடை கூறுவோம்?

அவர் பெயர் எலிசா. இறைப்பற்று மிக்கவர், ஆசிரியர், நுண்கலை ஒன்றில் கைதேர்ந்தவர், அக்கலையைப் பனங்காட்டு ஏழைப் பெண்களின் தொழிலாக நிலைநாட்டியவர். எழுபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்த அவர் இலக்கண நூல் எதுவும் எழுதவில்லை. அவர் விட்டுச்சென்றது ரேந்தை என்னும் நூல் பின்னல் வேலையே. கணிதம் பயிலும் மாணவருக்கு ரேந்தை வேலையோடு என்ன தொடர்பு என்று நண்பர்கள் நகைக்கலாம். அதற்கும் இக்கட்டுரையின் இடையில் விடை வரும்.

ரேந்தை என்னும் சொல்

ஆங்கிலத்தில் லேஸ் எனப்படும் பூப்பின்னலுக்குத் தமிழில் ரேந்தை என்று பெயர். இது போர்த்துகீசியச் சொல்லான 'ரெண்டா' என்பதிலிருந்து வந்தது. முத்துக்குளித்துறையை நாடிப் போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்தனர். 1530களில் பரதவ மக்கள் பெருந்தொகையாகக் கிறித்தவம் தழுவினர். அந்தக் காலத் தொடர்பு சாவி, அலமாரி, ஜன்னல் முதலிய சொற்களை நமக்குத் தந்தது போலவே ரேந்தையையும் தந்தது. கடலுக்கு அப்பால் இலங்கையின் காலி, வெலிகமப் பகுதிகளில் இவ்வேலைக்கு 'பீரலு' என்று பெயர். நூல் சுற்றும் குச்சியைக் குறிக்கும் 'பில்ரோ' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு அது. போர்த்துகல் நாட்டிலோ, வலை எங்கே உண்டோ அங்கே ரேந்தையும் உண்டு என்று ஒரு பழமொழி வழங்குகிறது. ஆடவர் கடலில் வலை வீச, மகளிர் கரையில் அமர்ந்து நூலால் சிறுவலை பின்னினர் என்பது அதன் பொருள்.

சொல் இவ்வாறு முன்பே நம் கடற்கரைக்கு வந்துவிட்டது. தென்கோடித் தமிழ்ப் பெண்களிடையே இது ஒரு பெருந்தொழிலாக வேரூன்றியதோ பத்தொன்பதாம் நூற்றாண்டில். அது ஒரு தாயும் மகளும் செய்த பணி.

தாய் மூட்டிய விளக்கு

இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் 1819இன் இறுதியில் நாகர்கோவில் வந்து சேர்ந்தனர். மார்த்தா அம்மையார் அங்கே பெண்களுக்கு ஓர் உறைவிடப் பள்ளி நடத்தினார். பெண் எழுத்தறிவது குடும்பத்துக்கு ஆகாது என்று ஊர் நம்பியிருந்த காலம் அது. எழுத்தோடு தையலும் ரேந்தைப் பின்னலும் அப்பள்ளியில் கற்பிக்கப்பட்டன.

இங்கிலாந்தில் அந்நாளில் ரேந்தை ஏழைப் பெண்களின் குடிசைத் தொழிலாக இருந்தது. ஆயினும் ஜான் ஹீத்கோட் என்பவர் 1809இல் வலைப்பின்னல் துணியை இயந்திரத்தால் நெய்ய உரிமம் பெற்றுவிட்டார். அவருடைய ஆலையின் இயந்திரங்களை 1816இல் தொழிலாளர் சிலர் இரவோடிரவாக உடைத்தும் இயந்திரத்தின் வளர்ச்சி நிற்கவில்லை. ஆகவே பிறந்த நாட்டில் கைப்பின்னல் தளரத் தொடங்கிய காலத்தில்தான், அது நாஞ்சில் நாட்டில் புதிதாகத் தளிர்விட்டது.

அன்றைய திருவிதாங்கூரின் நிலையை நாம் மறந்துவிடலாகாது. அங்கே மனிதரை மனிதர் விலைக்கு வாங்கி விற்றனர். அடிமை முறை 1855இல்தான் முற்றாக ஒழிக்கப்பட்டது. ரேந்தை பின்னி ஈட்டிய காசைச் சேர்த்து, அடிமைக் குடியில் பிறந்த பெண்கள் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. ஒரு முழம் பின்னலுக்கு இத்தகைய பொருளும் உண்டு என்பதை எண்ணும்போது மெய் சிலிர்க்கிறது.

அதே நாட்டில், தாழ்த்தப்பட்டோராகக் கருதப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்க மேலாடை அணியவும் உரிமையில்லை. தோள்சீலைக் கலகம் 1822இல் தொடங்கி, இடையிடையே மூண்டு, 1859 ஜூலை 26ஆம் நாள் அரச ஆணை வெளிவரும்வரை நீடித்தது. மால்ட் அம்மையாரும் மற்றொரு மிஷனரியின் மனைவியான மீட் அம்மையாரும் அப்பெண்களுக்கெனக் குப்பாயம் என்னும் மேற்சட்டையை வடிவமைத்துத் தைக்கக் கற்பித்தனர். ஊசியும் நூலும் அன்று வெறும் கைவேலைக் கருவிகளாக இருக்கவில்லை.

எலிசா பிறந்தது அந்த 1822ஆம் ஆண்டில், அந்த நாகர்கோவிலில். தமிழ் கேட்டுத் தமிழ் பேசி வளர்ந்தவர். தாயின் பள்ளியே அவருடைய பள்ளி.

இடையன்குடிக்கு வந்த மணமகள்

இராபர்ட் கால்டுவெல் 1838இல் சென்னை வந்தவர். 1841இல் அங்கிருந்து நீலகிரி வழியாகப் பெரும்பாலும் கால்நடையாகவே நெல்லைச் சீமைக்கு வந்து இடையன்குடியில் தங்கினார். 1844 மார்ச் மாதம் நாகர்கோவிலில் அவருக்கும் எலிசாவுக்கும் திருமணம் நடந்தது.

இடையன்குடி இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், உவரிக் கடற்கரையிலிருந்து சில கல் தொலைவில் உள்ளது. செம்மணல் தேரியும் பனையும் சூழ்ந்த ஊர். ஆண்கள் பனையேறிப் பதநீர் இறக்குவர். அதை அடுப்பேற்றிக் கருப்பட்டியாகக் காய்ச்சி வார்ப்பது பெண்கள். பதநீர் ஆண்டு முழுவதும் இறங்குவதில்லை. பருவம் முடிந்தால் வீட்டில் வறுமை புகும், கடன் வாங்குவர். அடுத்த பருவத்துக் கருப்பட்டி கடன் கொடுத்தவர் கடைக்குப் போகும். புகையில் கண் எரியக் காய்ச்சியவள் கையில் ஒரு காசும் நில்லாது.

எலிசா அம்மையார் வந்த ஆண்டிலேயே அங்கே பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். நாகர்கோவிலில் தாயிடம் கற்ற ரேந்தையை இங்கே கற்பித்தார். இத்தொழில் இடையன்குடிக்குப் பொருந்தியதற்குக் காரணங்கள் உண்டு. நிலம் வேண்டாம், நீர் வேண்டாம், பெருமுதல் வேண்டாம். வேண்டுவது நூலும் பொறுமையும் கூரிய கண்ணுமே. பதநீர் இல்லாத மாதங்களிலும் இது நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி பின்னியவள் கைக்கு வரும். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப அஞ்சிய பெற்றோருக்கு, அப்பிள்ளை ஈட்டும் காசு ஒரு மறுமொழியாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கால்டுவெல் 1849இல் இப்பகுதிப் பனையேறும் மக்களைப் பற்றி எழுதிய சிறுநூல் அம்மக்களின் மனத்தைப் பெரிதும் புண்படுத்தியது. பின்னாளில் கண்டனங்கள் எழுந்தன. கணவர் அம்மக்களைப் பற்றி எழுதினார். மனைவி அம்மக்களின் புதல்வியரோடு திண்டின் முன் அமர்ந்திருந்தார். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தவை. வரலாறு படிப்போர் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

திண்டும் குச்சியும் கணிதமும்

இனி, ரேந்தை எவ்வாறு பின்னப்படுகிறது என்று காண்போம். இது நெசவன்று, தறி இல்லை. ஊசித் தையலும் அன்று. அடியில் துணி இல்லை. இறுக்கமாக அடைத்த திண்டு ஒன்றின்மேல், வடிவத்திற்கேற்பத் துளையிட்ட அட்டையைப் பொருத்துவர். நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் திண்டின் முகப்பில் இணை இணையாகத் தொங்கும். குச்சியின் கனமே நூலை இழுத்துப் பிடிக்கும். பின்னல் ஒவ்வொரு துளையை எட்டும்போதும் அங்கே ஒரு குண்டூசியைக் குத்தி நிறுத்துவர். பின்னல் முன்னேற முன்னேறப் பின்னாலுள்ள ஊசிகளை எடுத்து முன்னால் குத்துவர். குறுகிய கரைக்குச் சில இணைக் குச்சிகள் போதும். அகன்ற வேலைக்கு நூற்றுக்கு மேலும் வேண்டும்.

எத்தனை குச்சிகள் தொங்கினாலும் ஒரு நேரத்தில் கைகள் கையாள்வது நான்கை மட்டுமே. அவற்றிலும் அசைவுகள் இரண்டே இரண்டு. நடுவிலுள்ள இரண்டும் இடம் மாறுவது ஒன்று. அதைக் குறுக்கு என்போம். ஒவ்வோர் இணையும் தனக்குள் இடம் மாறுவது மற்றொன்று. அதை முறுக்கு என்போம். நான்கு நூல்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயரிடுவோம்.

குறுக்கு முதலில் இட்டால் வரிசை அ, இ, ஆ, ஈ என்றாகும். அதன்மேல் முறுக்கு இட்டால் இ, அ, ஈ, ஆ என்றாகும். மாறாக, முறுக்கை முதலில் இட்டுக் குறுக்கைப் பின்னர் இட்டால் ஆ, ஈ, அ, இ என்றாகும். இரண்டு விடைகளும் வேறு வேறு! நம் வகுப்பில் குலக் கோட்பாடு படிக்கும்போது, பரிமாற்று விதிக்கு உட்படாத செயல்கள் உண்டு என்று கரும்பலகையில் எழுதிப் படிக்கிறோமே, அதுவே இது. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என மூன்றும் இட்டால் வரிசை இ, ஈ, அ, ஆ என்றாகும். அதாவது, இடப்பக்க இணை முழுவதும் வலப்பக்கம் போய்விட்டது. துணி போன்ற அடர்ந்த பகுதி இம்மூன்று அசைவால் உண்டாகிறது. குறுக்கு, முறுக்கு என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டே போனால் கண்ணறைகள் விட்ட மெல்லிய பகுதி உண்டாகிறது. பூவும் இலையும் இவ்விரண்டின் கலப்பே.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. குறுக்கை இருமுறை இட்டால் வரிசை பழையபடி அ, ஆ, இ, ஈ என்றே வரும். ஆனால் நூல் பழையபடி இராது. ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே வரிசையை மட்டும் எண்ணினால் போதாது. எது மேலே, எது கீழே என்பதையும் எண்ண வேண்டும். இவ்வகைப் பின்னல்களுக்கு எமில் ஆர்ட்டின் என்னும் கணித அறிஞர் 1920களில்தான் முறையான கோட்பாடு வகுத்தார். இடையன்குடிப் பெண்கள் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே அதை விரலால் செய்துகொண்டிருந்தனர்.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்பி, இளமையில் ரேந்தை பின்னிய முதியவர் ஒருவரிடம் அப்பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பிற்பகல் அமர்ந்திருந்தேன். குச்சிகள் அவர் விரலிடையே கிளுகிளுவென்று ஓடின. "எந்தக் குச்சி எங்கே போகணும்னு எப்படி ஆச்சி நினைவு வைக்கிறீங்க?" என்று கேட்டேன். "கைக்குத் தெரியும்லா மக்கா, என்னைய ஏன் கேக்க?" என்றார். ஏட்டில் நாம் எழுதும் சமன்பாடு அவர் கையில் குடியிருந்தது. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு.

அழகு யாருக்கு, பயன் யாருக்கு?

இத்தொழிலைப் புகழ்வதோடு கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் கணக்குப் படிப்பவர் வரவு செலவையும் பார்க்க வேண்டும். பனங்காட்டுக் குடிசையில் பின்னிய ரேந்தையைப் பின்னியவள் அணியவில்லை. அது வெள்ளைக்காரக் குடும்பங்களின் ஆடைக்கும் மேசை விரிப்புக்கும் போயிற்று. விக்டோரியா அரசி 1840இல் தம் திருமணத்துக்குக் கைப்பின்னல் ரேந்தை அணிந்தார். அத்தகைய நாகரிகம் நிலவும்வரை விலையும் இருந்தது. நாகரிகம் மாறினால், இயந்திரம் மலிவாகத் தந்தால், விலை விழும். விலை எங்கோ முடிவாயிற்று. விரல் இங்கே தேய்ந்தது.

நம் முத்துக்குளித்துறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆங்கில அரசு நடத்திய முத்துச் சலாபத்தில், மூழ்கியவர் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு உரியது. உயிரைப் பணயம் வைத்தவருக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி. பங்கு என்று ஒன்றாவது இருந்தது. தூத்துக்குடியில் அச்சலாபம் 1961உடன் நின்றுவிட்டது. ரேந்தை பின்னியவருக்கோ பங்கு இல்லை. அளவுக்கேற்ற கூலி மட்டுமே.

மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் ஆந்திராவின் நரசாப்பூரில் ரேந்தை பின்னும் பெண்களை ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கும் இத்தொழில் மிஷனரிகளால் வந்ததே. வெளிநாட்டு ஏற்றுமதியால் வணிகர் செல்வரானார்கள். நாளெல்லாம் பின்னிய பெண்களோ 'வீட்டில் சும்மா இருப்பவர்' என்றே கருதப்பட்டனர். அவர்கள் செய்தது ஓய்வுநேர வேலை என்று சொல்லியே கூலி மிகக் குறைவாக வைக்கப்பட்டது என்று அவர் காட்டினார்.

இதைப் படித்தபோது என் அக்காவை நினைத்தேன். எங்கள் தாய் தந்தையர் உப்பளத் தொழிலாளர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அக்கா பத்தாம் வகுப்போடு நின்றார். வீட்டிலிருந்தபடியே ஆயத்த ஆடைகளுக்குப் பொத்தான் தைக்கிறார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. என் பரீட்சைக் கட்டணம் ஒருமுறை அதிலிருந்து வந்தது. ஆயினும் கணக்கெடுக்க வந்தவர் அக்காவின் தொழில் என்ன என்று கேட்டபோது, "வேலை ஒண்ணும் இல்லை, வீட்டுலதான் இருக்கா" என்று அம்மா விடை சொன்னார். அக்காவும் தலையசைத்தார். அந்தத் தாளில் அவர் கை செய்யும் வேலைக்கு இடமில்லாமல் போயிற்று.

எலிசா அம்மையாரின் பெருமை எனக்கு இவ்விடத்தில்தான் விளங்குகிறது. ரேந்தையை அவர் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கற்பிக்கவில்லை. எழுத்தறிவோடு சேர்த்து, பள்ளியில் வைத்து, பயிற்சியாக, தொழிலாகக் கற்பித்தார். கூலியோடு கல்வியும் சேர்ந்து வந்த இடத்தில் பெண் அடுத்த படி ஏறினாள். கல்வியை விட்டுக் கூலி மட்டும் எஞ்சிய இடத்தில் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இதுவே நான் கண்ட முடிவு.

தூத்துக்குடியும் இறுதி நாட்களும்

கால்டுவெல் 1877இல் பேராயரானார். முப்பதாண்டுகளுக்கு மேல் எழும்பிய இடையன்குடி தூய திரித்துவ ஆலயம் 1880 ஜூலை மாதம் திறக்கப்பட்டது. 1883இல் பேராயர் தம் தலைமையிடத்தைத் தூத்துக்குடிக்கு மாற்றினார். சாயர்புரத்துக் கல்லூரி இங்கு வந்து கால்டுவெல் பெயர் பெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1876இல், இரயில் பாதை நம் துறைமுகத்தை எட்டியிருந்தது. பனங்காட்டுச் சிற்றூரில் வாழ்வைத் தொடங்கிய அக்குடும்பம், கப்பலும் பஞ்சு மூட்டையும் நிறைந்த ஊரைக் கண்டது. கைத்தொழிலைக் கல்வியோடு இணைக்கும் முறை பிற ஊர்களிலும் பரவியது. நாசரேத்தில் மர்காசியஸ் ஐயர் 1878இல் நிறுவிய தொழிற்பள்ளியை அதற்குச் சான்றாகக் கூறலாம்.

1891 ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் கால்டுவெல் மறைந்தார். எலிசா அம்மையார் அதன்பின் எட்டாண்டுகள் வாழ்ந்து 1899இல் காலமானார். கணவர் அடங்கிய இடையன்குடி ஆலயத்திலேயே அவரும் அடங்கியுள்ளார். கணவருடைய சபைக்கு வந்தவரேனும் தாய் கற்பித்த நெறியையே அவர் இறுதிவரை கைக்கொண்டார். வேதாகமத்தில் ஏழை விதவைகளுக்கு ஆடை தைத்துக் கொடுத்த தபீத்தாள் என்னும் பெண்ணின் வரலாறு வருகிறது. வழிபாடும் கைத்தொழிலும் வெவ்வேறல்ல என்னும் அக்கருத்தை வாழ்ந்து காட்டியவர் அம்மையார். எம்மதத்தவரும் போற்றத்தக்க வாழ்க்கை அது.

முடிவுரை

கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி இல்லத்தை 2011இல் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியது. அங்கே செல்லும் நண்பர்கள் ஒப்பிலக்கணம் பிறந்த வீடு என்று வணங்குவதோடு, ரேந்தை கற்பித்தவர் வாழ்ந்த வீடு என்றும் ஒரு கணம் நினைக்க வேண்டுகிறேன்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நம் வீட்டுப் பெண்கள் பின்னிய ஓலைப் பெட்டியும் முடைந்த கடகமும் தைத்த பொத்தானும் நம் கல்விக் கட்டணத்தில் கலந்திருக்கின்றன. அவர்களிடம் சென்று அவர்கள் கைத்தொழிலின் முறையைக் கேட்டு ஏட்டில் எழுதுவோம். அதில் உள்ள கணக்கைக் கண்டு வகுப்பறையில் பேசுவோம். இனி எவரேனும் தாளோடு வந்து அவர்கள் தொழில் என்னவென்று கேட்டால், 'ஒன்றுமில்லை' என்ற விடை நம் வாயிலிருந்து வராதிருக்கட்டும்.